பெல்ட்டைச் சோதித்தவர் யார்?

சாரத்தின் மீது ஏறும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு பெல்ட் ஒன்றை மாட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். சோதிக்கப்படாத பெல்ட், பெல்ட்டே இல்லாத நிலையினும் கொடியது என்பது என் கருத்து. பெல்ட் இல்லாதவர் அஞ்சி அஞ்சி அடியெடுத்து வைப்பார். இற்றுப்போன பெல்ட்டை அணிந்தவரோ அதை நம்பி எட்டிச் சாய்வார்.

கணக்கைப் பார்ப்போம். 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழும்போது வினாடிக்கு 6 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அடைகிறார். வடம் அவரை 10 சென்டிமீட்டருக்குள் பிடித்து நிறுத்துமானால், அவர் எடையைப் போல் 21 மடங்கு விசை அவரைத் தாக்கும். 1 மீட்டர் நீண்டு நிறுத்துமானால் 3 மடங்கே. இதற்காகவே வடத்தில் அதிர்வு தாங்கி என்னும் மடித்துத் தைத்த பொதி இருக்கிறது. அதன் தையல் பிரிந்து விசையை விழுங்குகிறது. ஒருமுறை பிரிந்தது மறுமுறை காவாது. ஆகவே, ஒருவரைத் தாங்கிப் பிடித்த பெல்ட்டை உடனே ஒதுக்கிவிடல் வேண்டும்.

விழாமலே கெடும் பெல்ட்டும் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் இழைகளை மெல்ல அரிக்கிறது. நைலான் அமிலத்துக்கு அஞ்சும். பாலியெஸ்டர் காரத்துக்கு அஞ்சும். ஈரச் சிமெண்டு காரமுடையது என்பதை நாம் அறிவோம்.

சோதனை கடினமானதா? இல்லை. ஏறுமுன் வாரை வளைத்து, வெட்டும் சிராய்ப்பும் தீப்பொறி பட்ட துளையும் உண்டா என்று பார்க்க வேண்டும். தையல் அறுந்துள்ளதா, வளையம் நெளிந்துள்ளதா, கொக்கியின் நாக்கு தானே மூடிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுக்கானால் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

பின் ஏன் நடப்பதில்லை? “இது ஆகாது” என்று சொல்லும் தினக்கூலிக்கு அன்றைய கூலி போய்விடும் என்ற அச்சமே காரணம். உயரத்தில் வேலை செய்வோர் விழாதபடி ஏற்பாடு வேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆயினும் கூலிக்கு அஞ்சும் வாய் திறவாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்? பழுதான பெல்ட்டை மறுக்கும் உரிமையும், மறுத்த நாளுக்கு முழுக் கூலியும் சேர்ந்து கிடைத்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு.

தோழர்களே! நம் வளாகத்திலும் கட்டடங்கள் எழுகின்றன. அங்கே உழைப்போரின் மொழி வேறாயினும், பிழைப்பும் படிப்பும் தேடி ஊரை விட்டு வந்த வகையில் அவர்களும் நாமும் ஓரினமே. தராசைச் சரிபார்க்காமல் எடை போடத் துணியாத நாம், உயிரைத் தாங்கும் வாரைப் பற்றிக் கேளாதிருத்தல் அழகன்று. நாள்தோறும் பெல்ட்டைச் சோதித்துப் பதிவேட்டில் ஒப்பமிடுதல், மறுத்தவருக்குக் கூலி குறைக்காமை ஆகிய இரண்டையும் கட்டட ஒப்பந்தங்களில் சேர்க்குமாறு பல்கலைக்கழகத்தை வேண்டி, நம் சங்கம் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும்.