கையால் கற்கும் கல்வியும் எமது தமிழ் வகுப்புகளும்

அமெரிக்க மண்ணில் எமது சிறார் இருவேறு பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். வார நாட்களில் செல்லும் ஆரம்பப் பாடசாலையில் அவர்கள் விதை ஊன்றுகின்றனர். நீரை அளந்து ஊற்றுகின்றனர். காந்தத்தை எடுத்து எந்தப் பொருளில் ஒட்டுகின்றது என்று தாமே சோதிக்கின்றனர். வார இறுதியில் செல்லும் தமிழ் வகுப்பில், பல இடங்களில் இன்னமும், கதிரையில் அமர்ந்து பலகையைப் பார்த்து எழுதுகின்றனர். முதலாவது பாடசாலையிலிருந்து வீடு திரும்பும் பிள்ளை, அன்று தான் செய்ததை ஆங்கிலத்தில் ஆர்வத்தோடு விபரிக்கின்றது. தமிழ் வகுப்பிலிருந்து திரும்பும் பிள்ளைக்கோ சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை. இந்த வேறுபாட்டை நாம் இனியும் பொருட்படுத்தாதிருக்க முடியாது.

நேரக் கணக்கைச் சற்று நோக்குவோம். டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி அரசாங்கப் பாடசாலைகள் ஆண்டொன்றுக்கு 75,600 நிமிடங்கள், அதாவது 1,260 மணித்தியாலங்கள் இயங்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலமாக 35 வாரங்கள் நடைபெறும் ஒரு தமிழ் வகுப்புக்குக் கிடைப்பது 70 மணித்தியாலங்கள் மாத்திரமே. இச்சொற்ப நேரத்தை எழுத்துகளைப் பார்த்தெழுதுவதிற் செலவிட்டால், பேசுவதற்கு எப்பொழுது நேரம் கிடைக்கும்? அதே டெக்சாசில், 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்ட அறிவியற் பாடத்திட்டம், பாலர் வகுப்பிலும் முதலாம் வகுப்பிலும் கற்பித்தல் நேரத்தின் 80 விழுக்காட்டைச் செய்துபார்க்கும் ஆய்வுகளுக்கு ஒதுக்குமாறு ஊக்குவித்தது. எமது பிள்ளைகள் பழகிய கல்வி முறை அது.

இதனை மேல்நாட்டு நாகரிகம் என்று ஒதுக்குவோர் எம்மிடையே உளர். அவர்கள் வரலாற்றை மறந்துவிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார், நம்மவரின் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் மாணவருக்கும் புகுத்தினார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக, மணலெழுத்தையும் உள்ளடக்கிய அக்கல்வி முறை ‘சென்னை முறை’ என்ற பெயரில் ஆங்கில நாட்டுப் பாடசாலைகளிற் பரவியது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கும் வழக்கமும் அம்மரபைச் சார்ந்ததே. அந்த ஒரு நாளோடு விரலின் வேலையை முடித்துவிடுவதுதான் எமது பிழை.

மணலெழுத்தைப் போலவே, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்கும் முறையை உரோம் நகரில் வகுத்தவர் மரியா மொன்ரிசோரி அம்மையார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தபின் இத்தாலி போரில் இறங்க, இத்தாலியர் என்பதால் எதிரிநாட்டவராகக் கருதப்பட்டு, தாயகம் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் அவர் ஆசிரியர்கள் பலரைப் பயிற்றினார்; 1944இல் இலங்கையிலும் வகுப்பு நடத்தினார். நாடு திரும்ப வழியற்றிருந்த காலத்தையும் பிள்ளைகளுக்குப் பயன்படச் செய்த அப்பெருமாட்டியின் வாழ்வு எம்மவர்க்கு நன்கு விளங்கும்.

சரி, தமிழ் வகுப்பில் என்னதான் செய்யலாம்? பயற்றை ஈரப் பஞ்சில் இட்டு வாரந்தோறும் பார்க்கலாம். வித்து, முளை, வேர், தண்டு என்ற சொற்கள் கண்முன்னே வளரும். பூங்காவிற் பொறுக்கிய இலைகளைக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வரிசைப்படுத்தலாம். கைக்கண்ணாடியைப் பிடித்து நாவைப் பார்த்தவாறே ல, ள, ழ ஒலிக்கலாம். ஒரு கிண்ணமும் சில மணிகளும் போதும், வேற்றுமை உருபு கற்பிக்க: ‘கிண்ணத்தில் இருக்கிறது’, ‘கிண்ணத்திலிருந்து எடுத்தேன்’, ‘கிண்ணத்துக்குள் போட்டேன்’. புட்டு அவித்தால், மா குழைத்தல், கொத்துதல், அவித்தல், தேங்காய்ப்பூத் தூவுதல் என வினைச்சொற்கள் பல ஒரே காலையில் நாவிற் பழகும்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பாடசாலைகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அனுபவத்தைத் தழுவி, ஏணிப்படிகளாக வகுத்த அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தத்தம் வேகத்திற் கற்றனர். 2007–08இல் அது மாநிலத்தின் அரசு ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளைகளின் அச்சம் நீங்கியது பெரும் பேறு. ஆனால் அட்டைகள் மிகுந்து, அவற்றை முடிப்பதே வேலையாகிவிடுகின்றது என்ற குறையும் எழுந்தது. பின்னர் அம்முறை எளிமையாக்கப்பட்டது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: கை வேலை செய்யும்போது வாய் தமிழ் பேச வேண்டும். ஆங்கிலத்திற் பேசிக்கொண்டே கோலம் போடும் பிள்ளை கோலம் பழகுமேயன்றித் தமிழ் பழகாது. ஆதலால் செயலைவிட, செயலின்போது ஆசிரியர் கேட்கும் கேள்வியே முதன்மையானது.

பரீட்சை என்னாகும் என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வியே. 1998இல் விரிகுடாப் பகுதியில் தொடங்கிய கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் முதலான அமைப்புகள் பாடத்திட்டமும் தேர்வும் வகுத்து நிலைத்திருப்பதும், 2011இல் கலிபோர்னியாவில் சட்டமான இருமொழித் தகைமை முத்திரை பிற மாநிலங்களுக்கும் பரவியிருப்பதும் எமக்கு ஊக்கந் தருவன. எழுத்தைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. செய்ததையும் பேசியதையும் ஈற்றில் இரண்டு வரி எழுதச் செய்க என்றே வேண்டுகின்றேன். அவ்வாறு எழுதும் வரி பிள்ளையின் சொந்த வரியாயிருக்கும்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, மரநிழலிலும் வகுப்புகள் நடந்தன. கட்டடமும் மேசையும் இல்லாத நிலையிலும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாத சமூகம் நாம். இங்கே எல்லா வசதியும் இருக்க, பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை ‘தமிழ் வகுப்பு அலுப்பாக இருக்கிறது’ என்று விலகுமாயின், குற்றம் பிள்ளையினுடையதன்று.

நியூ ஜேர்சியிலோ டெக்சாசிலோ விரிகுடாப் பகுதியிலோ, அடுத்த தவணையில் ஒவ்வொரு வகுப்பிலும் அரை மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்குங்கள். பெற்றோர் வாகனத்திற் காத்திராது, ஒரு கிண்ணம் பயற்றோடு உள்ளே வாருங்கள். தமிழ் பேசும் பெரியவர்கள் நாலுபேர் அறையில் இருப்பதே அப்பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த பாடநூல்.