கையில் இல்லாத பென்ஷனை யாரும் உதற முடியாது

1990-களில் அமெரிக்கப் படைகள் சுருக்கப்பட்டபோது, பென்ஷனுக்குரிய இருபது ஆண்டுகளை முடிக்காமலே லட்சக்கணக்கானோர் சீருடையைக் கழற்றிவிட்டு வெளிவேலைக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு அன்றே எழுதப்பட்டு இன்றுவரை மாறாமல் நிற்கிறது. கைக்கு வந்த காசைப் பார்த்து மயங்கி, காலமெல்லாம் வரவேண்டிய பென்ஷனை உதறியவர்கள் என்பதுதான் அது. மனிதர்கள் நாளையைவிட இன்றைக்கே முக்கியத்துவம் தருகிறார்கள் என்று வாதிடும் பொருளாதார அறிஞர்களும் இவர்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவருக்குத் தனி மரியாதையும், அதற்கு முன் வந்தவருக்கு "ஏன், என்ன ஆச்சு?" என்ற கேள்வியும் வைத்திருக்கும் நம் ஊர்களுக்கும் இந்தத் தீர்ப்பு புதிதல்ல.

இந்தத் தீர்ப்பு தவறானது. அதன் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பார்த்தால், போனவர்கள் தங்கள் முன் இருந்த நிலைமையைச் சரியாகவே கணித்தார்கள் என்பது தெரியும்.

முதலில் பின்னணி. 1987-இல் அமெரிக்க முப்படைகளில் முழுநேரப் பணியில் சுமார் 21.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. அவ்வளவு பெரிய படைக்கு இனித் தேவை இல்லை என்று வாஷிங்டன் முடிவெடுத்தது. முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்த காலின் பவல், 16 லட்சம் பேர் போதும் என்று திட்டம் வகுத்தார். 1993-இல் பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் அதை 14 லட்சமாகக் குறைத்தார். 1989-இல் ஏறத்தாழ 7.7 லட்சம் பேரைக் கொண்டிருந்த தரைப்படை, பத்தே ஆண்டுகளில் 4.8 லட்சத்துக்கு வந்து நின்றது.

"இன்னும் சில வருஷம் பொறுத்திருந்தால் பென்ஷன் கிடைத்திருக்கும்"

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். இருபது ஆண்டு என்ற வரம்பு அன்று எப்படி இயங்கியது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

இருபது ஆண்டு முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, ஆயுள் முழுக்கப் பென்ஷன். அதற்கு முன் வெளியேறினால், பன்னிரண்டு ஆண்டு உழைத்திருந்தாலும் ஒரு டாலர்கூடப் பென்ஷன் கிடையாது. ஆள்குறைப்பு இல்லாத சாதாரணக் காலத்திலேயே, படையில் சேர்ந்த ஐந்து பேரில் ஏறத்தாழ நான்கு பேர் பென்ஷன் இல்லாமல்தான் வெளியே போனார்கள். அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு இருமுறை தவறினால் வெளியேற வேண்டும் என்ற விதி உண்டு. சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் ஒரு பதவியில் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற வரம்பு உண்டு.

இந்த நிலையில்தான் படை சுருங்கத் தொடங்கியது. ஆட்கள் தாமாக முன்வராவிட்டால் கட்டாயமாக வெளியேற்றப்படுவார்கள் என்று படைகளே அறிவித்தன. அப்படி வெளியேற்றப்படுபவருக்கான ஈட்டுத்தொகை, ஆண்டுச் சம்பளத்தில் பத்து சதவீதத்தைப் பணியாண்டுகளால் பெருக்கினால் வருவது. தானாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கோ அதே கணக்கில் பதினைந்து சதவீதம்.

ஆக, அந்தச் சிப்பாயின் முன் இருந்தவை பென்ஷனும் ரொக்கமும் அல்ல. இன்றே போனால் ஒன்றரை மடங்கு பணம். இருந்து பார்த்தால் தப்பிப் பிழைத்துப் பென்ஷன் வரை போகலாம். அல்லது அடுத்த பட்டியலில் பெயர் வந்து குறைந்த பணத்தோடு, இன்னும் வயதாகி, வெளியே நிற்கலாம். எட்டாண்டு, பத்தாண்டு முடித்த ஒருவர் இன்னும் பத்து, பன்னிரண்டு ஆண்டு இந்தச் சல்லடையில் விழாமல் தங்குவேன் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. வாக்குறுதியாகக்கூடக் கைக்கு வராத பென்ஷனை அவர் உதறினார் என்பது நியாயமான பேச்சல்ல. பதினைந்து ஆண்டு முடித்தவர்களில் சிலருக்கு, 1992 இறுதியில் வந்த சட்டத்தின்படி குறைக்கப்பட்ட பென்ஷனோடு முன்கூட்டியே ஓய்வு கிடைத்தது. அந்தக் கோட்டை நெருங்காதவர்களுக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை.

"மொத்தப் பணத்துக்கு மயங்கி ஏமாந்தார்கள்"

தீர்ப்பின் வலுவான பகுதி இது. இதை எண்களோடுதான் எதிர்கொள்ள வேண்டும்.

1991 டிசம்பரில் வந்த சட்டம், தாமாக வெளியேறுபவர்களுக்கு இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று மேலே சொன்ன மொத்தத் தொகை. மற்றொன்று ஆண்டுத் தவணை: ஆண்டுச் சம்பளத்தில் இரண்டரை சதவீதத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி வரும் தொகை, பணியாண்டுகளைப்போல இரண்டு மடங்கு ஆண்டுகளுக்கு.

ஆண்டுக்கு 20,000 டாலர் அடிப்படைச் சம்பளம் வாங்கும், பன்னிரண்டு ஆண்டு பணி முடித்த ஒரு சார்ஜென்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொகை என்றால் 36,000 டாலர். தவணை என்றால் ஆண்டுக்கு 6,000 டாலர் வீதம் 24 ஆண்டுக்கு 1,44,000 டாலர். காகிதத்தில் தவணைதான் மேல். அன்று அரசு கணக்கிட்ட ஏழு சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தாலும் தவணையின் இன்றைய மதிப்பு மொத்தத் தொகையைப்போல இரண்டு மடங்கு.

ஆனாலும் பெரும்பாலோர் மொத்தத் தொகையையே எடுத்தார்கள். ஜான் வார்னர், சால் ப்ளீட்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சுமார் 66,000 பேரின் முடிவுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை பிரபலமானது. அதிகாரிகளில் பாதிக்குச் சற்று மேலும், மற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேலும் மொத்தத் தொகையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இந்தத் தேர்வு லாபமாக வேண்டுமானால் வட்டி விகிதம் 17 சதவீதத்துக்கும் மேலே இருக்க வேண்டும். சிப்பாய்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்ற முடிவு இங்கிருந்துதான் பிறந்தது.

அந்த சார்ஜென்ட்டின் வீட்டிலிருந்து இதைப் பாருங்கள். ராணுவக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். வேறு ஊரில் வாடகை வீடு, முன்பணம், பிள்ளைகளுக்குப் பள்ளி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. 1992 ஜூனில் அமெரிக்காவில் வேலையின்மை 7.8 சதவீதம். கிரெடிட் கார்டு கடனுக்கு அன்று வட்டி சுமார் 18 சதவீதம். கடன் வைத்திருந்த குடும்பத்துக்கு அந்த 17 சதவீத "அறியாமை வட்டி", மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்த வட்டியேதான். ஆண்டுக்கு 6,000 டாலர் வைத்து வீடு மாறவும் முடியாது, கடையும் போட முடியாது. தவணை விலைவாசிக்கேற்ப ஏறாது. அதை வாங்கும் காலம் முழுக்க ரிசர்வ் படையில் நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. மொத்தத் தொகைக்கு அது மூன்றே ஆண்டு. சட்டம் போட்டு வெளியே அனுப்பும் அரசு, 24 ஆண்டு கழித்தும் இதே சட்டத்தை வைத்திருக்கும் என்று நம்ப வேண்டியதும் அவர்தான்.

ஏலச்சீட்டில் தள்ளு அதிகம் போனாலும் முதல் மாதமே எடுப்பவரை நம் வீடுகளில் யாரும் முட்டாள் என்பதில்லை. அவருக்கு இப்போது பணம் வேண்டும் என்று புரிந்துகொள்கிறோம். சார்ஜென்ட்டுக்கும் அந்தப் புரிதல் உரியது. அவருடைய அவசரத்தால் யாருக்கு லாபம் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது: இந்த இரண்டு வழிகளை முன்வைத்ததால் அரசுக்கு மிச்சமான தொகை 170 கோடி டாலர்.

இங்கே இரண்டு முடிவுகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். பணத்தை எந்த வடிவில் வாங்குவது என்பது ஒரு கேள்வி. படையை விட்டு வருவதா வேண்டாமா என்பது வேறொரு கேள்வி. தவணையை எடுத்திருந்தால் நல்லது என்று ஒருவர் வாதிட்டாலும், வெளியேறியது தவறு என்று அதிலிருந்து பெறப்படாது.

"சண்டை போடத் தெரிந்தவனுக்கு வெளியே என்ன வேலை?"

படை என்றால் துப்பாக்கி மட்டுமே என்று நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. நவீனப் படையில் பெரும்பாலானோரின் அன்றாட வேலை, எஞ்சின் பழுது பார்ப்பது, உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பது, ரேடியோவும் ராடாரும் பராமரிப்பது, நோயாளிகளைக் கவனிப்பது, ஆட்களையும் வண்டிகளையும் நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பது. விமானப்படையில் எஞ்சின் பார்த்த அனுபவத்தைக் கொண்டே சிவில் விமானப் பராமரிப்பு உரிமத் தேர்வு எழுத அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன.

சிக்கல் திறமையில் இல்லை. அதை வெளியுலகத்துக்கு எடுத்துச் சொல்வதில் இருந்தது. டாங்கிப் படைப்பிரிவில் பராமரிப்புப் பொறுப்பாளர் என்று ஒருவர் எழுதினால், சரக்கு லாரி கம்பெனி முதலாளிக்கு அது எதையும் சொல்லாது. அவர் பன்னிரண்டு மெக்கானிக்குகளை மேய்த்தவர், டீசல் எஞ்சின்களையும் உதிரிபாகக் கிடங்கையும் நிர்வகித்தவர் என்று சொன்னால் உடனே புரியும். இதற்காகவே ராணுவம் வெளியேறுபவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. அவர் பெற்ற ஒவ்வொரு பயிற்சியும், அதற்கு நிகரான சிவில் வேலை எது, கல்லூரியில் எத்தனை மதிப்பெண் அலகுக்கு ஈடாகும் என்ற பரிந்துரையும் அதில் இருக்கும். 1990-இல் சட்டமான வழிகாட்டுத் திட்டம், தொழிலாளர் துறை நடத்தும் மூன்று நாள் பயிலரங்குகளில் விண்ணப்பம் எழுதவும் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகவும் கற்றுக்கொடுத்தது. மொத்தத் தொகையோ தவணையோ பெற்று வெளியேறியவர்கள், 1,200 டாலர் கட்டினால் மான்ட்கோமரி கல்வி உதவித் திட்டத்தில் சேரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1994-இல் தொடங்கிய ஆசிரியர் திட்டத்தின் வழியே பல ஆயிரம் முன்னாள் படையினர் பள்ளி ஆசிரியர்களானார்கள். ஆள் கிடைக்காத கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கு அவர்கள் வந்தார்கள்.

எல்லோருக்கும் எல்லாம் நன்றாக அமைந்ததா? இல்லை. காலாட்படையிலும் பீரங்கிப் படையிலும் இருந்தவர்களுக்கு மாற்றம் கடினமாகத்தான் இருந்தது. 1992-இல் வந்தவர்கள் மந்தமான சந்தையில் வேலை தேடினார்கள். ஆனால் அந்தக் கஷ்டம் வெளியேறியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வேலையின்மை நான்கு சதவீதத்துக்கு இறங்கியபோது, முப்பது வயதிலேயே வெளியே வந்தவர் தன் புதிய தொழிலில் பல ஆண்டு அனுபவத்தோடு இருந்தார். நாற்பதுக்கு மேல் பென்ஷனோடு வந்து முதல் படியில் கால்வைத்தவரைவிட அவர் முன்னே இருந்தார்.

"பாதியில் போனவர்கள் களத்தை விட்டு ஓடியவர்கள்"

இந்தக் குற்றச்சாட்டு பணத்தைவிட ஆழமாகக் காயப்படுத்துவது. வெளியேறியவர்களில் பலர், 1991 தொடக்கத்தில் குவைத்துக்காகப் பாலைவனத்தில் போரிட்டுத் திரும்பியவர்கள். அந்தப் போருக்காக ஆள்குறைப்பே சிறிதுகாலம் நிறுத்தி வைக்கப்பட்டது. முடிந்ததும் மீண்டும் தொடங்கியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, படைத்தலைமை அழைத்து, கையெழுத்து வாங்கி, மரியாதையோடு விடுவித்த ஒருவரை ஓடியவர் என்பது எந்த நியாயத்தில் சேரும்? வெளியேறியவர் ரிசர்வில் பெயர் கொடுத்தே போனார். தேவைப்பட்டால் திரும்ப வருவேன் என்ற கடமையை அவர் சுமந்தார்.

தாமாகப் போனவர்களால் பயனடைந்தது யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் முன்வந்து கையெழுத்திட்டால், கட்டாயப் பட்டியலில் ஒரு பெயர் குறையும். தங்கியிருக்க விரும்பிய பலர் பென்ஷன் வரை போனதற்கு, போனவர்களின் முடிவும் ஒரு காரணம்.

"அவர்கள் போனதால்தான் படை வலுவிழந்தது"

1990-களின் இறுதியில் அமெரிக்கப் படைகளுக்கு ஆள் சேர்ப்பதே சிரமமானது உண்மை. ஆனால் எத்தனை பேர் வேண்டும், எந்தப் பிரிவில் எத்தனை பேரை விடுவிக்க வேண்டும், யாருக்குச் சலுகையை நீட்ட வேண்டும் என்ற முடிவுகள் எல்லாமே வாஷிங்டனில் எடுக்கப்பட்டவை. சலுகையை வழங்கியவர்கள் அதை ஏற்றவர்கள்மேல் பழி போடக் கூடாது.

வெளியேறியவர்களின் பக்கம் நியாயம் இருந்தது என்பதைக் கடைசியில் அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வூதிய முறையில், இரண்டு ஆண்டு முடித்து எப்போது வெளியேறினாலும், அரசு தன் பங்காகச் செலுத்திய சேமிப்பு அவருடையது. இருபது ஆண்டு வரை ஒன்றுமில்லை என்ற பழைய விதி, படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அநீதியாகவே இருந்தது என்பதுதான் இந்த மாற்றத்தின் பொருள்.

இதை இன்று எழுத ஒரு காரணம் உண்டு. 2022-இல் இந்தியப் படைகளுக்காக அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் நான்கு ஆண்டில் வெளியே வருகிறார்கள். அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தரப் பணி. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.7 லட்ச ரூபாய், பென்ஷன் இல்லை. அமெரிக்கச் சிப்பாய்க்குப் போகலாமா என்ற தேர்வாவது இருந்தது; இவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. இவர்கள் ஊருக்கு வரும்போது பழைய தீர்ப்பு நம் திண்ணைகளில் தயாராகக் காத்திருக்கும். அதைச் சொல்லாமல் இருப்பதோடு நம் கடமை முடியவில்லை. பயிற்சிக்கு ஈடான சான்றிதழ், படிப்பைத் தொடர வழி, வேலைக்குச் சரியான அறிமுகம் ஆகியவற்றை அரசிடம் கேட்டு வாங்கித் தர வேண்டியது சமூகத்தின் வேலை. படையின் அளவைத் தீர்மானிப்பது அரசு என்றால், அதற்காக வெளியே அனுப்பப்படுபவரின் அடுத்த வாழ்க்கைக்கும் அரசே பொறுப்பு.