ராகத்தின் பெயரை விடுங்கள், விரலை மடக்குங்கள்

கர்நாடக இசைக் கச்சேரிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வந்து உட்காருகிறார்கள்: இது என்ன ராகம்? பக்கத்து நாற்காலிக்காரர் காதோடு சொல்லும் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த பாட்டுக்கு அது உதவுவதில்லை. நாலைந்து கச்சேரிக்குப் பிறகு, 'நமக்கெல்லாம் சங்கீத ஞானம் கிடையாது' என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு விலகிவிடுகிறார்கள். அவர்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. இந்த இசையின் சொற்களை நாம் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கடைசியில் வரவேண்டிய சொல்லான ராகத்தின் பெயரை வாசலிலேயே நிறுத்தி, அதைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்கிறோம்.

ஏன் கடைசி? தோடி, பைரவி, கரகரப்ரியா மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ராகங்களான மேளகர்த்தா வரிசையில் தோடிக்கு 8, கரகரப்ரியாவுக்கு 22. பைரவி 20ஆம் மேளமான நடபைரவியில் பிறந்தது. மூன்றிலும் மூன்றாம் ஸ்வரமாக வருவது சாதாரண காந்தாரம் என்கிறது இலக்கணம். ஆர்மோனியத்தில் மூன்றுக்கும் ஒரே கட்டைதான். ஆனால் தோடி பாடும்போது அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. கரகரப்ரியாவில் அசைவு வேறு, வேகம் வேறு. 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், இந்த அசைவுகளைக் காட்ட ஸ்வரங்களோடு தனிக் குறிகளே போட்டார். அந்தக் குறிகளுக்கும் ஒரு குரு பாடிக்காட்டினால்தான் உயிர் வரும். தோடி என்ற பெயருக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. பல வருடம் கேட்டுக் கேட்டுப் பழுத்து வரவேண்டிய அடையாளத்தை முதல் நாளே எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

தாளம் அப்படியல்ல. ஆதி தாளத்தை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு அட்சரம், ஓர் ஆவர்த்தனம். தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தும் ராகத்தால் வேறுபட்டாலும் இந்த ஒரே தாளத்தில் அமைந்தவை. திருவையாற்று ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து அவற்றைப் பாடும்போது, விரலை மடக்கத் தெரிந்த எவரும் ஐந்து பாட்டையும் தொடரலாம்.

விரல் பழகியதும் அடுத்த சொல் தானாக வந்து சேரும்: எடுப்பு. பாட்டு முதல் தட்டிலேயே தொடங்கினால் சமம். தட்டு விழுந்து சற்றுத் தள்ளித் தொடங்கினால் அனாகதம். தட்டுக்கு முன்பே புறப்பட்டுவிட்டால் அதீதம். கச்சேரிக்காரர்கள் தங்களுக்குள் அரை இடம், முக்கால் இடம், ஒன்றரை இடம் என்றே பேசிக்கொள்கிறார்கள். இடம் தெரிந்த பிறகு கச்சேரியே வேறாகிவிடும். பாடகர் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்கிறார். சொற்கள் தாளத்தில் தம் இடம் மாறாமல் நிற்க, ராகம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக விரிகிறது. பிறகு கல்பனாஸ்வரம், ஸ்வரங்களையே கற்பனையாகக் கோத்துப் பாடுவது. எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த எடுப்பில் வந்து இறங்குகிறாரா என்று நீங்களும் காத்திருப்பீர்கள். அப்போது ராகத்தின் பெயர் தெரியாதது ஒரு குறையாகவே தோன்றாது.

தாளம் தெரிவதன் அருமை நன்றாக விளங்கும் இடம் தனி ஆவர்த்தனம். பிரதான உருப்படி முடியும் தறுவாயில் பாடகர் கையைக் காட்டி மிருதங்கக்காரருக்கு விடுகிறார். அந்தக் கணமே அரங்கில் பலர் எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள். மேடையில் உட்கார்ந்திருக்கும் கலைஞருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. போகிறவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

'ததிகிணதொம்' என்ற ஐந்தெழுத்து மிருதங்கச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கு ஒரு மாத்திரை, ஆக ஐந்து. இதை மூன்று முறை சொல்லி, நடுவே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் மொத்தம் 19 மாத்திரை. ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. எனவே 13 மாத்திரை விட்டுவிட்டு 14ஆவதில் தொடங்கினால் மூன்றாவது 'தொம்' 32ஆவது மாத்திரையில் முடிந்து, அடுத்த சமத்தில் பாட்டு வந்து விழும். எடுப்பு ஒன்றரை இடமாக இருந்தால் கணக்கு அதற்கேற்ப நகரும். மோரா, கோர்வை என்று சொல்லப்படுபவை இந்த மும்முறை முடிப்பின் சிறிய, பெரிய உருவங்கள்தாம். கடமும் மிருதங்கமும் மாறி மாறி வாசித்து, முறைக்கு முறை அளவைச் சுருக்கிக்கொண்டே வந்தால் அது குறைப்பு. இந்த மூன்று சொல்லும் ஒரு தாளமும் தெரிந்தவர் தனியின்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இசைச் சொற்களெல்லாம் வடமொழி, நமக்கு அந்நியம் என்று ஒரு மனத்தடை இருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரங்களுக்கும் பெயர் வைத்திருந்த மொழி இது. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகர'மும் (1917) விபுலானந்தரின் 'யாழ் நூ'லும் (1947) இந்த மரபைத் தோண்டி எடுத்துத் தந்தன. அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். எடுப்பு, நடை, இடம், கோர்வை, குறைப்பு, நிரவல், பிடி என்று தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள் நம் வீட்டுச் சொற்கள். ஓதுவார்கள் தக்கேசிப் பண்ணைக் காம்போதியாகவும் மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் இன்றும் பாடுகிறார்கள். கோயிலில் அதைக் கேட்டவர் காதில் அந்த ராகம் ஏற்கெனவே குடியேறியிருக்கும். பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

சொல் எதற்கு, ரசித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரசனைக்குச் சொல் கட்டாயம் இல்லைதான். ஆனால் பெயரில்லாத ஒன்றை அடுத்த முறை அடையாளம் காண்பதும் இன்னொருவருக்குச் சுட்டிக்காட்டுவதும் கடினம். இதற்கு நேர்மாறான கேடும் நடக்கிறது. ஸ்வரங்களை அசைக்கும் கமகம் பத்து வகை என்று பட்டியலை ஒப்பித்துத் தேர்வில் மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு, அதில் இரண்டைக்கூடக் கேட்டுப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் போகலாம். சொல்லைக் காதோடு சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும். எழுத்துத் தேர்வில் பாதியையாவது பாடிக்காட்டிக் கேட்கும் தேர்வாக மாற்றுவது நல்லது.

தஞ்சை வட்டாரத்தில் சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தையும் தவிலையும் நெருங்கி நின்று கேட்டவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கினால் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று தெருக்கோடி வரை தெரியும். அவர்களுக்குக் கிடைத்த அந்த நெருக்கம் அரங்கத்து நாற்காலியில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு மேடைக்கும் சபாக்களுக்கும்தான் இருக்கிறது. மார்கழியில் மியூசிக் அகாடமியில் காலை வேளைகளில் நடக்கும் செயல்விளக்கச் சொற்பொழிவுகள் அருமையானவை. ஆனால் அவை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கானவை. புதியவர்கள் துணிந்து நுழைவது அனுமதி இலவசமான மதியக் கச்சேரிகளுக்கு. அங்கே பாடகர் ராகத்தின் பெயரோடு எடுப்பையும் சொல்லி, ஓர் ஆவர்த்தனம் கையில் போட்டுக்காட்டலாம். மிருதங்கக்காரர் தனிக்கு முன்பு தம் கோர்வையை வாயால் ஒருமுறை சொல்லிக்காட்டலாம். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது.