வயர் இழுத்தவன் மட்டுமா குற்றவாளி?

தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

லயத்து வீடு ஒன்று தீப்பற்றினால் முதலில் எழும் கேள்வி என்ன? "எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தது யார்?" என்பதுதான். கருகிய வயர்த் துண்டு ஒன்று கிடைத்துவிட்டால் போதும். தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதி விசாரணையை மூடிவிடலாம்!

அந்த வயரை அவன் ஏன் இழுத்தான் என்று கேட்பார் உண்டா?

ஒரு விளக்கும் ஒரு ரேடியோவும் போதும் என்ற காலத்தில் போடப்பட்ட இணைப்புடன் இன்றும் நிற்கும் வீடுகள் உண்டு. கூடத்தில் ஒரு சாக்கெட், அடுப்படியில் ஒன்று. ஆனால், இன்று அதே வீட்டில் சோறு வேகும் குக்கர் இருக்கிறது, குளிர்பெட்டி இருக்கிறது, விசிறி, இஸ்திரிப் பெட்டி, பிள்ளைகள் பாடம் படிக்கும் கைப்பேசி எல்லாம் இருக்கின்றன. விடியுமுன் மரம் சீவப் போகிறவனின் தலைவிளக்குக்கும் இரவில் சார்ஜ் ஏற வேண்டும். இவை ஆடம்பரமா? இத்தனைக்கும் ஒரு சாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, வயர் இழுக்காதே என்பது, ஒரு குழாயை வைத்து லயம் முழுவதையும் வரிசையில் நிற்காதே என்பது போலன்றோ!

"சாக்கெட் கூடினால் இவர்கள் கரண்டை இன்னும் அதிகமாக இழுப்பார்களே" என்று வாதிடுவோர் உண்டு. இது பொருந்தாத வாதம். சுவரில் 13 ஆம்பியர் சாக்கெட்டுக்குச் செல்லும் வயரின் செம்பு வழக்கமாக 2.5 சதுர மில்லிமீட்டர் பருமன் கொண்டது. கட்டிலுக்கடியில் ஓடும் மலிவு வயரிலோ அதில் மூன்றிலொரு பங்குகூட இராது. சுமை ஒன்றுதான்; பருத்த வயர் தாங்கும், மெலிந்த வயர் சூடேறும். கரண்டு இருமடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். ஆகவே, சாக்கெட்டைக் கூட்டுவது ஆபத்தைக் குறைக்கும் காரியமே.

ஆனால் தோழர்களே, நிர்வாகத்தைச் சாடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. சாக்கெட் வரும்வரை நம் பிள்ளைகள் அந்த வயரின் பக்கத்தில்தான் உறங்குகிறார்கள். இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறதென்று, முத்திரையில்லாத வயரை வாங்கி வருவது சிக்கனமன்று. எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரத்தைக் காட்டும் சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள். 13 ஆம்பியர் சுமைக்கு வயரின் பருமன் 1.25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அந்த எண் வயரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பிளக்கில் மூன்று கால்களும் வேண்டும். நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். மீந்த வயரைச் சுருட்டிக் கட்டி வைத்தால், சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும்.

சுமைக் கணக்கையும் அறிந்துகொள்வோம். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் என்றால் 2,990 வாட். தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் 2,000, இஸ்திரிப் பெட்டி 1,000, குக்கர் 700. மூன்றையும் ஒரே வயரில் மாட்டினால் 3,700 வாட்! "பியூஸ் போகவில்லையே, பயமில்லை" என்பார் சிலர். 13 ஆம்பியர் பியூஸ் 16 ஆம்பியருக்கு உடனே உருகிவிடாது. அதற்குள் வயர் வெந்து போகும். ஆகவே, கெட்டில், இஸ்திரி, குக்கர் ஆகியவற்றைச் சுவர்ச் சாக்கெட்டில் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் விசிறிக்கும் கைப்பேசிக்கும் தலைவிளக்குக்கும் இருக்கட்டும்.

இன்னும் சில பழக்கங்களை இன்றே விட்டொழிக்க வேண்டும். சாக்கெட்டின் மேல்துளையில் பேனாவைக் குத்தி இரண்டு கால் பிளக்கைத் திணிப்பது. ஒரு வயரில் இன்னொரு வயரை மாட்டுவது. பாய்க்கடியிலும் கதவிடுக்கிலும் வயரை ஓட்டுவது. பலகைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது. பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது. எலி கடித்த வயரை டேப் சுற்றிப் பிழைக்க வைக்கலாகாது. பிளக் தொட்டால் சுடுகிறதா? அதுவே எச்சரிக்கை. சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

வேலையிடத்திற்கு வருவோம். பால் ஸ்டோரின் தரை எந்நேரமும் ஈரம். ஷீட் உறைய வைக்கும் அமிலமும் சிந்துகிறது. அங்கே வீட்டு வயரைத் தரையில் ஓட்டி பம்பை இயக்கச் சொல்வது தொழிலாளியின் உயிரோடு விளையாடுவதாகும். அங்கு வேண்டியது தண்ணீர் புகாத சாக்கெட்டும், 10 மில்லிஆம்பியர் அல்லது அதற்கும் குறைந்த கசிவிலேயே கரண்டை வெட்டும் கருவியும்.

கிராணிமார்களே, உங்கள் பங்கும் சிறிதன்று. ஸ்டோர் சாமான்களுக்கு ஆர்டர் எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. "விலை குறைந்தது" என்று எழுதுமுன் "முத்திரை உள்ளது" என்று எழுதுங்கள். சாக்கெட் சூடேறுகிறது என்று ஒரு தொழிலாளி வந்து சொன்னால், வாயால் "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். தேதியிட்டுப் புகார்ப் புத்தகத்தில் பதியுங்கள். எழுதப்படாத புகார் நாளை சொல்லப்படாத புகாராகிவிடும்.

தோழர்களே, நாம் கேட்பது பிச்சையன்று. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆம் எண் சட்டம், தான் குடியமர்த்திய தொழிலாளிக்குப் போதிய மின்சாரம் தருவதும் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பி அறிவித்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் திருத்தம் தொழிலாளிக்கு அளித்துள்ளது. ஈரத் தரையில் கிழிந்த வயரைத் தொடச் சொன்னால், அறிவியுங்கள்; பிறகும் மாற்றாவிட்டால் விலகி நில்லுங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்; அவர்கள் தங்கும் விடுதியிலும் இதே கதைதான்.

ஒவ்வொரு லயத்திலும் வீடு வீடாகச் சாக்கெட்டை எண்ணுங்கள். கருகியது எத்தனை, உடைந்தது எத்தனை என்று தாளில் எழுதுங்கள். கிளைக் கூட்டத்தில் வையுங்கள். பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு இணைப்பைச் சோதிக்கவும் சாக்கெட்டைக் கூட்டவும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையேல் தொழிலாளர் இலாகாவின் கதவைத் தட்டுவோம்.

வயர் இழுத்தவனைக் கேள்வி கேட்பவர்கள், சாக்கெட் கொடுக்காதவனையும் கேட்கட்டும். அவர்கள் கேட்கத் தவறினால், நாம் கேட்போம்!