பழைய போல்ட்டும் புதிய போல்ட்டும்

அவுட்போர்டு எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பூட்டுங்கால், பழைய போல்ட்டுகளையே மீண்டும் இடலாமா, புதியன வாங்கவேண்டுமா என்னும் வினா கடற்கரைப் பட்டறைகளில் எழுவதுண்டு. இரும்பு கெடுவதெங்ஙனம் என்பர் ஒரு சாரார். எல்லாவற்றையும் எறிந்துவிடுக என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றும் ஆராய்ந்துரைத்தன அல்ல.

போல்ட்டென்பது வெறும் ஆணியன்று. இறுக்குங்கால் அது வில்போற் சிறிது நீண்டு, அந்நீட்சியின் விசையால் ஹெட்டையும் கேஸ்கட்டையும் அழுத்திப் பிடிக்கின்றது. அந்நீட்சி மீள்தன்மையின் எல்லைக்குள் நிற்பின், கழற்றியவுடன் பழைய அளவை எய்தும். அதனை மீண்டும் இடலாம். ஆயின் அவ்வெல்லையைக் கடந்து நீளுமாறே அமைத்த போல்ட்டுகளும் உள. அவை ஒருமுறை நீண்டால் மீளா. அவற்றை மாற்றியே தீரவேண்டும். எது எவ்வகை என்பதை எஞ்சினைச் செய்தோர் தந்த கையேட்டில் அறிக.

முன்னைய வகைக்கும் கடல்நீர் பகையாம். எஃகும் அலுமினியமும் உப்புநீரிற் கூடின் அரிப்பு உண்டாகும். ஆதலின் மரை சிதைந்ததையும், இடை மெலிந்ததையும், துருவாற் குழிந்ததையும் விலக்குக. மலிவு கருதித் தரமறியாத போல்ட்டை இடுதல் பழையதை இடுவதினும் தீது. எதனை இடினும், கையேடு கூறும் வரிசையிற் படிப்படியாக, டார்க் ஸ்பானர் கொண்டே இறுக்குக.

பிடி தளரின் கேஸ்கட் ஒழுகும். குளிர்விக்கும் நீர் சிலிண்டரினுட் புகும். எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிடும். கரையில் மிஞ்சிய சில ரூபாய்க்காகக் கடலிற் சென்றோர் உயிரைப் பணயம் வைத்தல் சிக்கனமாகுமோ? ஐயம் எழுந்துழி மாற்றுக என்பதே எமது துணிபு.