நாற்பதிலேயே ஒருமுறை பாருங்கள்

இங்கிலாந்து வாழ் தமிழ் உறவுகளுக்கு,

நம் குடும்பங்களின் உடல்நலம் கருதி ஒன்றுகூடிய நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: நாற்பது வயதானதும் உங்கள் ஜி.பி.யிடம் போய் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இதய வருத்தமோ சீனி வருத்தமோ இல்லாத 40 முதல் 74 வயது வரையானவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்.எச்.எஸ். இதை இலவசமாகச் செய்கிறது. பிரஷர், கொலஸ்ட்ரோல், எடை எல்லாம் பார்த்து, அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்வார்கள். அழைப்புக் கடிதம் பில்லுகளுக்கு அடியில் கிடந்தால் பயனில்லை.

நாற்பதில் என்ன அவசரம் என்பீர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இந்தியா, இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வந்த வயது ஏறத்தாழ 53. மற்ற நாட்டவருக்கு 59. பிள்ளைகள் படிப்பை முடிக்குமுன், வீட்டுக்கடன் தீருமுன் வருகிற வயது அது. மெலிந்தவருக்கு வராது என்பதும் தப்பு. நம் உடல் கொழுப்பை வயிற்றுக்குள் சேர்க்கும் இயல்புடையது; அதனால்தான் பொதுவாக 25 என்று வைத்திருக்கும் பி.எம்.ஐ. எச்சரிக்கை எல்லை நமக்கு 23. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீற்றரைத் தாண்டினால் கவனம் வேண்டும். சைவம் என்று நிம்மதி கொள்பவர்களுக்கும் ஒன்று: மீனும் இறைச்சியும் இல்லாத தட்டிலும் சோறு குவியலாம், வடை எண்ணெய் வடியலாம்.

பரம்பரையில் வந்தால் நாங்கள் என்ன செய்வது என்ற கேள்வி இவற்றைவிட வலுவானது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. தகப்பனுக்கோ தமையனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் ஜி.பி.யிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ஜப்பானிய ஆண்களை ஒப்பிட்ட பழைய ஆய்வொன்றில் இதய நோய் ஜப்பானில் குறைவாகவும் ஹவாயில் கூடுதலாகவும் கலிபோர்னியாவில் மேலும் கூடுதலாகவும் இருந்தது. ஒரே வம்சம், மாறியது வாழ்க்கை. புகை, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், தொப்பை, உணவு, உடலுழைப்பு, மன அழுத்தம் ஆகியவை முதல் மாரடைப்பின் பெரும்பங்கை விளக்குகின்றன என்று இன்டர்ஹார்ட்டும் காட்டியது. அநேகமானவை மாற்றக்கூடியவை.

நேரமில்லை என்ற பதிலுக்கு மட்டும் அறிவுரை சொல்ல எங்களுக்கு மனமில்லை. இரவில் பெட்ரோல் நிலையத்தில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குபவருக்கு ஜி.பி.யின் நேரம் ஒத்துவராதுதான். ஆகவே கடை நடத்தும் தமிழ் முதலாளிமாரையும் கேட்கிறோம்: நாற்பதைக் கடந்த பணியாளர் ஒவ்வொருவருக்கும் இதற்காகச் சம்பளத்தோடு ஒரு காலை விடுப்புக் கொடுங்கள்.