போவதா, இருப்பதா?

2020-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை. காரைக்குடியில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாதப் பரீட்சைத் தாள்களுடன் போராடிக் கொண்டிருந்தோம். அடுத்த தெரு ஆச்சி விடுவிடுவென்று வந்தார்கள். எழுபது வயதில் அத்தனை வேகம் நல்ல சமாசாரத்துக்காக வருவதில்லை.

"வாத்தியாரய்யா, ஆஸ்திரேலியாவிலேயிருந்து மகன் பேசினான். அவுக இருக்கிற மலைப்பக்கம் நாளைக்குக் காத்தும் வெயிலும் ரொம்பக் கடுமையா இருக்குமாம். காட்டுத் தீ பிடிச்சா நிக்காதாம். முன்கூட்டியே கிளம்பிடுறது நல்லதுன்னு சொல்றாங்களாம். வீடு வாங்கி ரெண்டு வருஷந்தான் ஆகுது. போறதா, இருந்து பாக்குறதான்னு கேக்குறான். நீங்க படிச்சவுக, சொல்லுங்க" என்றார்கள்.

படித்தவர் என்னும் பட்டம் எத்தனை ஆபத்தானது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

செட்டிநாட்டில் நாம் காட்டுத் தீயைக் கண்டதில்லை. பொட்டலும் கண்மாயும் உள்ள சீமை இது. பங்குனி, சித்திரையில் எங்கேனும் சீமைக் கருவேல் பற்றி எரியும், தீயணைப்பு வண்டி வரும், பையன்கள் அதன் பின்னால் ஓடுவார்கள், அத்துடன் சரி. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் தீ மூண்டு, 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காய்ந்த புல்லில் தீயானது மேட்டை நோக்கி மனிதனைவிட விரைவாக ஓடும் என்பதை நம் ஜனங்கள் அன்று அறிந்தார்கள். ஆனால் அவர்கள் மலையேறச் சென்றவர்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவனுடைய கேள்வி வேறு.

அந்தக் கேள்வியை ஆஸ்திரேலியர்கள் வெகு காலமாகக் கேட்டு வருகிறார்கள். 1983 பிப்ரவரி 16-ஆம் தேதி அங்கே மூண்ட தீயில் 75 பேர் இறந்தார்கள். அதற்குப் பிந்தைய வருஷங்களில் ஓர் உபதேசம் நிலைபெற்றது: ஆயத்தமாக இருந்து வீட்டைக் காப்பாற்று, அல்லது முன்னதாகவே போய்விடு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தீயின் முன்வரிசை ஒரு வீட்டைக் கடந்து போகச் சில நிமிஷங்களே ஆகும். வீட்டைக் கொளுத்துவது பெரும்பாலும் அந்தப் பெரிய ஜுவாலை அன்று. காற்றில் முன்னதாகவே பறந்து வரும் கங்குகள்தாம். அவை கூரை இடுக்கிலும், சருகு அடைந்த தூம்பிலும் விழுந்து கனன்று கொண்டிருந்து, தீ கடந்து போன பிறகும் வீட்டை எரிக்கும். திடகாத்திரமுள்ள இரண்டு பேர், தொட்டி நிறையத் தண்ணீர், மின்சாரத்தை நம்பாத பம்பு, இவ்வளவும் இருந்தால் கங்குகளை அணைத்து வீட்டைக் காக்கலாம். அப்படிக் காத்தவர்களும் உண்டு.

2009 பிப்ரவரி 7-ஆம் தேதி அந்த உபதேசத்துக்குச் சோதனை வந்தது. மெல்போர்ன் நகரத்தில் அன்று வெப்பம் 46.4 டிகிரி. மாலையில் காற்றின் திசை மாறவே, தீயின் நீண்ட பக்கம் முழுவதும் முகமாகி ஊர்களின்மேல் பாய்ந்தது. 173 பேர் மாண்டார்கள். அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள்ளே. ராயல் கமிஷன் வைத்து விசாரித்தார்கள். மாண்டவர்களில் பலர் இருப்பது என்றும் முடிவு செய்யவில்லை, போவது என்றும் முடிவு செய்யவில்லை. என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று காத்திருந்தார்கள். தீ கண்ணுக்குத் தெரிந்தபோது சாலையைப் புகை மூடியிருந்தது. மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் எந்த வீட்டையும் நம்ப வேண்டாம், முன்னதாகப் போய்விடுங்கள் என்று அதற்குப் பிறகு கண்டிப்பாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

இவ்வளவையும் ஆச்சியிடம் சொன்னோம். வகுப்பறைப் பழக்கம், சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க மாமனார் கதையும் இதேதான்" என்றார்கள்.

மாமனார் ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மேல் குண்டு வீசின. தெருவில் நின்று ஆகாயத்தை வேடிக்கை பார்த்தவர்களே அன்று ஏராளமாக மடிந்தார்கள். பிறகு கப்பல் துறையில் கூட்டம் முண்டியடித்தது. கடையின் மேலாள் ஜனவரியில் கப்பலேறினார். மாமனாருக்கும் இடம் கிடைக்க இருந்தது. ஐந்தொகையை முடித்து, ஈட்டுப் பத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டார்.

அவரைப் பேதை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தென் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் சுமார் கால்வாசி நிலம் அப்போது செட்டியார்களின் கையில் இருந்தது. கணக்கை அப்படியே போட்டுவிட்டு எவன் வருவான்? டிசம்பரிலேயே ஓடியவர்களைப் பலர் பரிகசித்தார்கள். நகரத்து வேலைகள் நின்றுவிடும் என்று திரும்பி அழைக்கப்பட்டவர்களும் உண்டு.

அடுத்த கப்பல் அவருக்குக் கிடைக்கவில்லை. 1942 மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. அதற்கு முன்பே ரயிலில் மாந்தளை சென்று, சிந்துவின் ஆற்றில் படகேறிக் கலேவா வரை போய், அங்கிருந்து தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்திருக்கிறார். அந்த மாதங்களில் பர்மாவை விட்டுப் புறப்பட்ட இந்தியர் 4 லட்சத்துக்கும் மேல். காலராவிலும் மலேரியாவிலும் வழியில் விழுந்தவர்கள் பல ஆயிரம். வைகாசியில் வீடு வந்து சேர்ந்தவரைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லையாம்.

"ஐந்தொகை என்ன ஆயிற்று?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் சரியாத்தான் முடிச்சாக" என்றார்கள் ஆச்சி. நிலமெல்லாம் 1948-க்குப் பிறகு பர்மிய சர்க்காரின் தேசவுடைமைச் சட்டத்தில் போயிற்று.

நம் திண்ணையிலேயே மகனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "அய்யா, வீடு கெடக்கட்டும். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி புள்ளைகளை ஏத்திக்கிட்டுக் கிளம்பு. பொகையைப் பாத்துட்டுக் கிளம்பலாம்னு நெனைக்காதே."

மகன் போனான். அவன் இருந்த பக்கம் தீ வரவே இல்லை. திரும்பி வந்தபோது அண்டை வீட்டுக்காரர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தாராம். அந்தக் கோடையிலும் அதற்கடுத்த கோடைகளிலுமாக நான்கு முறை அவன் இப்படி வெளியேறியிருக்கிறான். நான்கு முறையும் வீடு வைத்தது வைத்தபடி. விடுதி வாடகை, பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் முணுமுணுப்பு எல்லாம் தண்டச் செலவுதானே என்று நான்காம் முறை தாயாரிடமே கேட்டுவிட்டான். மலைப் பாதையில் நடப்பதைவிட அதுதான் கடினமோ என்று நமக்குத் தோன்றுகிறது. இருந்து போராடியவனுக்குக் கதை உண்டு. தப்பி வந்தவனுக்கும் கதை உண்டு. அநாவசியமாகப் போய்த் திரும்பியவனுக்கு ஹோட்டல் ரசீதுதான் உண்டு. ஆச்சி அவனுக்குச் சொன்ன பதில், "அந்த ரசீதெல்லாம் என்கிட்டே அனுப்பு, நான் பணம் தாரேன்" என்பது. அவன் அனுப்பவில்லை, போவதை நிறுத்தவும் இல்லை.

இப்போது கார்த்திகை பிறந்ததும், அங்கே கோடை ஆரம்பம் என்று கணக்கிட்டு, ஆச்சி டெலிபோனில் விசாரணை தொடங்கிவிடுகிறார்கள். தூம்பில் சருகு அள்ளியாயிற்றா, வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா, பத்திரங்கள் பையில் இருக்கின்றனவா, எந்தச் சாலை வழியாகப் போவது, அது அடைபட்டால் எது. சென்ற வருஷம் மகன் திருப்பிக் கேட்டிருக்கிறான்: "நம்ம வீட்டுப் பின்னாடி, பூட்டிக் கெடக்கிற வீட்டுத் தோட்டத்துலே சீமைக் கருவை மண்டிக் கெடந்துச்சே, ஆத்தா, அதை வெட்டியாச்சா?"

வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். ஆச்சி சொல்ல, நாம்தான் அவருக்குக் கடிதம் எழுதினோம். காவல்காரர் பாதி வெட்டியிருக்கிறார்.